இருபத்துநான்கு எழுத்தும் ஒரு சந்தனப் பொட்டும்

கோலாலம்பூரிலிருந்து புறப்படும்போது என் கைப்பையில் ஒரு சிடி இருந்தது, இரண்டு பிளாப்பிகள் இருந்தன. மனசுக்குள் யாரிடமும் சொல்லக்கூடாத ஒரு செய்தியும் இருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் நிறுவனப் பெரியவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்ன செய்தி அது. "புஷ்பா, இந்தத் தடவையும் சென்னையிலிருந்து பக்கங்கள் நேரத்துக்கு வரவில்லையென்றால் வேலையை மனிலாவுக்குக் கொடுத்துவிடுவேன். அங்கே போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்காதே."

பள்ளிப் புத்தகங்கள் போடும் நிறுவனம் எங்களுடையது. அங்கே கணினிகளைக் கவனிப்பது என் வேலை. மலேசியத் தமிழ்ப்பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவதும் பிழை பார்ப்பதும் சென்னை தி.நகரில் நடந்தது. பதினாறு பேர். முடித்த பக்கங்களைத் தொலைபேசிக் கம்பி வழியாக எங்களுக்கு அனுப்புவார்கள். அந்தக் கம்பியின் சென்னை முனையில் வீடியோ டெக் அளவில் ஒரு பெட்டி. வாசற்காவல் மாதிரி அது. அது வழிவிடாமல் ஒரு பக்கமும் போகாது, வராது.

அந்தப் பெட்டிதான் படுத்திக்கொண்டிருந்தது. பெரிய பக்கம் ஒன்றைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். போதாததற்கு, உள்ளே இருக்கும் மென்பொருள் இரண்டாயிரம் பிறந்ததும் அடியோடு வேலை செய்யாது என்று செய்தவர்களே கைவிரித்துவிட்டார்கள். அப்போது நடந்துகொண்டிருந்தது தொண்ணூற்றொன்பது. ஒரே வழி, பெட்டியை முழுக்கத் துடைத்துவிட்டுப் புது மென்பொருளை ஏற்றிப் பழைய உரிமத்தையே மறுபடி கொடுப்பது. உரிமம் என்றால் பத்திரமோ முத்திரையோ இல்லை. இருபத்துநான்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி, அவ்வளவுதான். அதைச் சொல்லாவிட்டால் பெட்டி திறக்காது. விற்ற நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டது. வாங்கியவர்கள், பழைய உரிமத்துக்கு நகல் தரமாட்டோம், வேண்டுமானால் புதுப் பெட்டி வாங்கு, ஆறு வாரம் ஆகும் என்றார்கள். போன வருடம் சென்னை வந்து பெட்டியைப் பொருத்திய சீன நண்பன் லிம் வேலையை விட்டு ஆஸ்திரேலியா போய்விட்டான். அவன் கோப்பைத் திறந்தால் ஒரு காலி உறை இருந்தது.

ஆகவே துடைப்பதற்கு முன்னால் பெட்டியின் திரையிலிருந்தே அந்த வரியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அரை நாள் வேலை. நான்கு நாள் போதும் என்று வந்தேன்.

விமான நிலையத்தில் ஏறிய ஆட்டோவிலேயே முதல் அதிர்ச்சி. கிண்டி தாண்டி ஒரு சிக்னலில், சிவப்பு விளக்கு எரியும்போதே டிரைவர் இறங்கிப் போய்விட்டார். பச்சை விழுந்தது. பின்னால் அத்தனை வண்டிகளும் அலறின. நான் ஆளில்லாத ஆட்டோவில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நிதானமாக வந்து ஒரு முழம் கதம்பத்தைக் கண்ணாடியில் சுற்றினார்.

"இன்னா மேடம் பயந்துட்டியா? பூஜ வருதுல்ல. அப்பால பூ கெடைக்காது" என்றார். பெயர் மூர்த்தி. நான்கு நாளும் அவர் வண்டிதான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு மாடியறை பிடித்திருந்தார்கள். மறுநாள் காலை கீழேயிருந்த மெஸ்ஸில் போய், காலைப் பலகாரத்தை எங்கள் ஊரில் சொல்கிற வழக்கப்படி "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். எத்தனை நாள் பட்டினியோ என்று நினைத்தார் போலிருக்கிறது. கேட்காமலே இரண்டு கரண்டி பொங்கல், மேலே நெய், பக்கத்தில் வடை. எங்கள் ஊரில் ஒரு ரொட்டி சானாயோடு, அதாவது ஒரு பரோட்டாவோடு, எழுந்துவிடுகிறவள் நான். இலையைப் பார்த்தே மூச்சு வாங்கியது. ஆனால் முழுக்கச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தி.நகர் அலுவலகம் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கடையும் அலுவலகமும் ஒருவருடையதே. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. பண்டிகை நேரமாதலால் படிக்கட்டு வரை சேலைக் கட்டுகள். அவற்றைத் தாண்டிக் குதித்து மேலே போனால் கண்ணாடி அறைக்குள் என் பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். குங்குமம் உதிர்ந்து காற்றுத் துளைகளுக்குள் போயிருந்தது.

அந்தப் பெட்டியின் விலையில் எங்கள் ஊரில் ஒரு கார் வாங்கலாம்.

"அதுவும் நம்மகூட வேலை பார்க்கறதோன்னோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "போன வருஷம் விஜயதசமிக்குத்தான் வந்து சேர்ந்தது. எல்லா மிஷினுக்கும் வெச்சேன், அதுக்கு மட்டும் வெக்காம இருந்தா நன்னாவா இருக்கும்?"

அவர்தான் பத்மா மாமி. அலுவலகத்தை நடத்துகிறவரும் பிழை திருத்துகிறவர்களுக்குத் தலைவியும் அவரே. ஐம்பது வயதிருக்கும். காதோரத்தில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அந்தப் பென்சில் ஓடிய பக்கத்தில் ஒற்றுப்பிழைகூடத் தப்பாது என்று எங்கள் ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பொட்டைத் துடைக்கச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். மாமி ஈரத்துணி கொண்டுவந்தார். அதை நான் அவசரமாகத் தடுத்து உலர்ந்த துணி கேட்டேன். பிறகு இருவருக்கும் காப்பி வந்தது. சுடச்சுட, பிடிக்க முடியாத டம்ளரில். நான் ஊதி ஆற்றுவதற்குள் அவர் தூக்கிக் குடித்து முடித்துவிட்டார்.

"விஜயதசமிக்கு இருப்பேளோன்னோ?" என்றார். "அன்னிக்குக் காலம்பற இங்க எல்லாரும் அவாவா வேலைல ஒரு வரி எழுதணும். அதுக்குன்னு ஒரு நோட்டு வெச்சிருக்கேன். போன வருஷம் வந்த சீனாக்காரர்கூட எழுதிட்டுத்தான் போனார். ரொம்ப நல்ல மாதிரி."

"நான் கையால எழுதி ரொம்ப வருசமாச்சுங்க. தட்டுறதோட சரி" என்றேன். நோட்டில் எழுதுவதற்காக நிறுவனம் எனக்கு விமானச் செலவு செய்யவில்லை என்பதையும் சொல்லியிருப்பேன். காப்பி நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அன்றும் மறுநாளும் மீதிப் பக்கங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்பிப் பார்த்தேன். பெட்டி பதினோரு தடவை நின்றது. கடைசிப் புத்தகத்தில் எண்பது பக்கம் பாக்கி. விஜயதசமி அன்று சென்னையில் நண்பகல் பன்னிரண்டு அடிப்பதற்குள் அவை கோலாலம்பூர் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெரியவர் போனில் சொன்ன நேரம் அது. சொல்லிவிட்டு "மனிலா" என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். எதிரில் பதினாறு பேரும் தலை குனிந்து பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடைத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன்.

சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் உட்கார்ந்தேன். திரையில் உரிம வரியை வரவழைத்து ஒரு பிளாப்பியில் பதிந்துகொண்டேன். ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று ஒரு தாளிலும் அச்சடித்துக்கொண்டேன். எழுத்து எழுத்தாக இரண்டு முறை சரிபார்த்தேன். என்ன அது என்று கேட்ட மாமியிடம், இது இல்லாமல் பெட்டி திறக்காது என்றேன். பிறகு மடத்தனமாக ஒரு காரியம் செய்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே மேஜையில் வைத்தேன்.

பெட்டி துடைத்துக்கொண்டு புதுசு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். கீழே போய்க் கடைவாசலில் நின்று ஜனங்களைப் பார்த்தேன். தி.நகரில் அன்று இருந்த கூட்டத்தைப் பத்துமலைத் தைப்பூசத்தில்தான் பார்த்திருக்கிறேன். வாழைக்கன்றும் பொரியும் பூசணியும் சுமந்துகொண்டு ஒருவரை ஒருவர் இடித்தாலும் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் இரண்டு பேரை இடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மேலே வந்தபோது பெட்டி உரிமத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. மேஜை காலி.

திரும்பினேன். கூடத்துச் சுவரோரம் சரஸ்வதி படம். அதன் முன்னால் மரப்பலகையில் அகராதிகள், பக்கக் கட்டுகள், ஒரு நீள நோட்டு, பென்சில்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில், பட்டுத்துணியில் பாதி மூடி, என் தாளும் பிளாப்பியும். பதினாறு பேரும் கைகூப்பி நின்றார்கள். மாமி கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அதை எடுக்கணும்" என்றேன்.

"நாளைக்குக் காலம்பற பூஜை பண்ணிட்டு எடுத்துக்கலாம். இப்ப எடுக்கக்கூடாது."

"பெட்டி காலியா கெடக்குதுங்க. அது இல்லாம ஒண்ணும் நகராது."

அண்ணாச்சி கீழேயிருந்து அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்தார். "எம்மா, ராத்திரிக்கு யாரும் பக்கம் அனுப்பப் போறதில்லல்லா. காலையில ஏழு மணிக்கு எடுத்துக்கிடலாம். பன்னிரண்டு வரைக்கும் நேரம் கெடக்கு" என்றார்.

ஒரு எட்டு எடுத்து வைத்தால் எட்டிவிடும் தூரம். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தடுத்தது அவர்கள் இல்லை. நான் வளர்ந்த கிள்ளானில் என் அம்மாவும் இதே பூஜை செய்தவர். அன்று புத்தகத்தைத் தொட்டால் படிப்பு வராது என்று பயந்து, ஒரு நாள் முழுக்கப் படிக்காமல் சந்தோஷமாகச் சுற்றியவள் நான். பதினைந்து வருடம் கணினி பார்த்த பிறகும் என் கை எழவில்லை. கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன்.

விஜயதசமி அன்று ஆறரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். மாமி மாவிலையால் தண்ணீர் தெளித்து, தீபம் காட்டி, பட்டுத்துணியை எடுத்தார். தாளை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்தார்.

நான்கு மூலையிலும் சந்தனம். நடுவிலும் ஒன்று. இங்க்ஜெட் மை ஈரம் பட்டு ஊறி, வரி இருந்த இடம் நீலக் குளமாக இருந்தது. முதல் ஐந்து எழுத்து தெரிந்தது, கடைசி மூன்று தெரிந்தது. பரவாயில்லை, பிளாப்பி இருக்கிறதே என்று அதை எடுத்தேன். அதன் உலோக மூடியை ஒருபக்கம் தள்ளி, உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டின் மேலேயே அழகாக ஒரு பொட்டு வைத்திருந்தது.

"எழுத்தெல்லாம் அந்தக் கறுப்புலதான் இருக்குன்னு சொல்லுவாளே. அதான் அதுக்கு வெச்சேன்" என்றார் மாமி.

என் வாய் திறந்தது. என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. நினைவிருப்பது இது: "படிச்சவங்கதானே நீங்க? எப்படிலா இப்படிப் பண்ணுவீங்க? பொட்டு வெச்சே ஆபீசை மூடிட்டீங்க." பதினாறு பேர் முன்னால் சொன்னேன். மாமியின் முகம் வெளுத்தது. காதோரப் பென்சிலை எடுத்தார், மறுபடி அங்கேயே சொருகினார்.

அடையாறில் கணினி பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று அண்ணாச்சி முகவரி கொடுத்தார். மூர்த்தியின் ஆட்டோவில் ஏறினேன். முந்தின நாள் கட்டிய வாழைக்கன்று இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. முன்னால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது பாலம் ஏறுமுன்பே புரிந்தது. நடுத்தெருவில் யாரோ உடைத்துப்போட்ட பூசணிக்காயின் மேல் சக்கரம் ஏறி வழுக்கி, ஆட்டோ அரை வட்டம் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. என் சட்டை முழுக்கக் குங்குமத் தண்ணீர்.

"ஒண்ணியும் ஆவல மேடம்" என்றார் மூர்த்தி. "திருஷ்டி கயிஞ்சிச்சு, அவ்ளோதான். அய்வாத."

நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அடையாறுக்காரர் கடையைத் திறந்து வைத்துத் தன் கருவிகளுக்குப் பூஜை முடித்திருந்தார். பிளாப்பியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பஞ்சில் ஏதோ தொட்டு மெதுவாகத் துடைத்தார். இரண்டு கணினியில் போட்டுப் பார்த்தார். கரகரவென்று சத்தம் வந்தது, எழுத்து வரவில்லை. "சந்தனம் காஞ்சு தகடே கீறிடுச்சு மேடம். நேத்து சாயங்காலமே வந்திருந்தா எடுத்திருக்கலாம்" என்றார். நேற்றுச் சாயங்காலம் நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

தி.நகர் திரும்பும்போது மணி ஒன்பதரை. பெரியவருக்குப் போன் செய்யத்தான் படியேறினேன். உரிமம் போய்விட்டது, பெட்டி காலி, மனிலாவிடம் பேசிவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். மேலே போனால் இன்னோர் அதிர்ச்சி. பதினாறு பேரும் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக அந்த நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கம் கட்டுகிறவர் ஒரு தலைப்பு எழுதினார். படம் வரைகிறவர் ஒரு மாம்பழம் வரைந்தார். வேலையே போகப்போகிறது, இவர்கள் மாம்பழம் வரைகிறார்கள் என்று நினைத்தேன்.

மாமி என் சட்டையைப் பார்த்தார். "அடி பட்டுதா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அந்த ஒரு கேள்வியில் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இரண்டு நகலையும் ஒரே மேஜையில் வைத்தது யார்? நேற்றே கை நீட்டி எடுக்காதது யார்? பொட்டு வைத்தது மட்டும்தானே அவர்? இதை வாயால் சொல்ல வரவில்லை. நோட்டை வாங்கினேன். "தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்" என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

மாமி படித்தார். காதோரத்திலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டார்.

"இது வேலை இல்லையே" என்றார். "உங்க வேலைல ஒரு வரி எழுதுங்கோ."

"என் வேலையில எழுதறதுக்கு என்னங்க இருக்கு?"

"அந்தச் சீனாக்காரரும் இதேதான் கேட்டார். புதுசா வந்த பெட்டிகிட்ட முதல்ல என்ன சொன்னாரோ அதை எழுதச் சொன்னேன். வேணும்னா பாருங்கோ." ஒரு தாளைப் பின்னால் புரட்டினார்.

மஞ்சள் தடவிய பக்கம். தமிழ் வரிகளுக்கு நடுவே லிம்மின் கோணல் கையெழுத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி. இடைவெளி விட்டு, நான்கு நான்காக. நான் எண்ணினேன். இருபத்துநான்கு. முதல் ஐந்தும் என் தாளில் மிச்சமிருந்த ஐந்து, கடைசி மூன்றும் அதே மூன்று.

நோட்டை இழுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினேன். மாமி பின்னாலேயே வந்து, நான் கேட்காமலே, ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார். பக்கம் திருத்தும்போது அவர்கள் இப்படித்தான் செய்வார்கள், ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க. கடைசி எழுத்தைத் தட்டினேன். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

எண்பது பக்கமும் ஒரு தடவைகூட நிற்காமல் போயின. பதினொன்றே முக்காலுக்குக் கோலாலம்பூரிலிருந்து போன். "வந்துவிட்டது. சென்னையோடே இருப்போம்" என்றார் பெரியவர். இரண்டே வாக்கியம். நான் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். யாரோ பொரியும் கடலையும் கையில் கொட்டினார்கள்.

மறுநாள் விமானம். சொல்லிக்கொள்ள மாமியிடம் போனேன். மனசில் வைத்துக்கொண்டு போக முடியவில்லை. "நேத்து பக்கம் போகலன்னா இங்க எல்லாருக்கும் வேலை போயிருக்கும்ங்க. மனிலாவுக்கு மாத்தறதா இருந்தாங்க. எனக்குத் தெரியும், உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

"எனக்கும் தெரியும்" என்றார் மாமி. "உங்க பெரியவர் அண்ணாச்சிக்கு அனுப்பின ஃபேக்ஸ் என் கையிலதான் வந்தது. பத்து நாளாச்சு. அவர்கிட்ட குடுத்ததோட சரி, நானும் வேற யார்கிட்டயும் சொல்லலை, ஆத்துலகூட."

"தெரிஞ்சிருந்துமா அதை எடுத்துப் பூஜையில வெச்சீங்க?"

"தெரிஞ்சதாலதான் வெச்சேன். பதினாறு பேர் சாப்பாடு அந்தத் தாள்ல இருக்குன்னா, அதை வேற எங்க வெப்பேன், சொல்லுங்கோ."

அவர் நோட்டை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார். அடிக்கப்பட்ட என் மன்னிப்புக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. லிம்மின் வரியைப் பார்த்து இருபத்துநான்கையும் என் கையால் எழுதினேன். மாமி அங்கிருந்து ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க, நான் இங்கே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினேழாவது எழுத்தை நான் தப்பாக எழுதியிருந்தேன். மாமி காதோரத்திலிருந்து பென்சிலை எடுத்தார்.